செவ்வாய்க்கிழமை மேற்பார்வை

உன் தம்பி கொண்டுவந்த கட்டைப்பையைத் திறந்ததும் மாமிடி தாண்ட்ராவின், காயவைத்த மாம்பழப் பாகுத் துண்டின், வாசனை குப்பென்று வந்தது. உள்ளே தாண்ட்ரா இல்லை. பழைய தெலுங்குப் பேப்பரில் சுற்றிய ஒரு புத்தகம்தான் இருந்தது. பச்சை கேலிகோ அட்டை, முதுகில் ஆஸ்பத்திரி பிளாஸ்டர். குடிபாலா வீட்டு அலமாரியில் தாண்ட்ரா டப்பாவுக்கு அடியில் இத்தனை வருஷம் கிடந்ததாம். நாம் பி.ஜி. படித்த மூன்று வருஷமும் கையில் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அந்த லாக் புக். உன்னுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேரே பஸ் ஏறியிருக்கிறான், சட்டையில் கம்பெனிப் பெயர்ப்பட்டைகூடக் கழற்றவில்லை. நான் திருப்பதி வீட்டுக் கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்து, இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. சாவுக்கு நான் வரவில்லை. நம் பேட்ச் வாட்சப் குழுவில் எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள், நானும் ஒன்று போட்டேன். அப்படிப்பட்டவள் வீட்டைத் தேடிக்கொண்டு உன் தம்பி ஏன் வருகிறான்? எதற்கோ சிபாரிசு கேட்கத்தான் வந்திருப்பான் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"எங்கக்கா சொல்லி வச்சிருந்திச்சி. இத்த உங்களாண்டதான் குடுக்கணும்னு."

"எதுக்காம்?"

"அதெல்லாம் சொல்லலக்கா. நான் போனப்புறம் குடு, மின்னாடி குடுத்துடாதன்னு மட்டும் சொல்லிச்சி."

அவன் போனபிறகு பையை உதறிப் பார்த்தேன். கடிதம், சீட்டு ஒன்றுமில்லை. செத்த பிறகும் எனக்கு ஏதோ பாடம் நடத்தப் பார்க்கிறாய் என்று கோபம்தான் வந்தது. என் புத்தி உனக்குத் தெரியாதா? எனக்கு சி.ஐ.டி. என்று பேர் வைத்ததே நீதானே. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாரை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வேன். "துன்னுடி, வெசம் எதுவும் வைக்கல" என்று நீ தட்டை என் பக்கம் தள்ளுவாய். எங்கள் நைனா பஸ் டிக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனுஷன். அவர் ரத்தம்தான் எனக்கும்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, ஹைவேயை ஒட்டி இருந்த அந்தக் காலேஜில் மயக்கவியல் படித்தவர்களில் நாம் இரண்டு பேர்தான் தமிழ். நீ குடிபாலா, நான் புத்தூர்ப் பக்கம். முதல்நாள் ஹாஸ்டல் வராந்தாவில் நான் போனில் நைனாவிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "இன்னாடி, நம்மூரா?" என்று வந்து நின்றாய். அன்று சாயந்திரமே உன் பெட்டி என் அறைக்கு வந்துவிட்டது. யாரைக் கேட்டு வந்தாய் என்று நான் கேட்டேன். "வார்டன கேட்டேன், உன்ன கேக்கல" என்றாய். அப்போதே உன்மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

லாக் புக்கை முதலில் கையில் கொடுத்தபோது நாம் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு கேசுக்கும் ஒரு வரி. நோயாளியின் நம்பர், என்ன ஆபரேஷன், என்ன மயக்கம், நீ பார்த்தாயா, உதவினாயா, நீயே செய்தாயா. கடைசிக் கட்டம் மேற்பார்வை. அதில் மூன்று வார்த்தையில் ஒன்றை எழுத வேண்டும். டைரக்ட் என்றால் சார் ஆபரேஷன் தியேட்டருக்குள் உன் பக்கத்தில் நிற்கிறார். இன்டைரக்ட் என்றால் சார் கட்டடத்தில் எங்கேயோ இருக்கிறார், கூப்பிட்டால் ஓடிவருவார். நன் என்றால் யாரும் இல்லை. முன்பக்கத்தில் ஒரு முழுத் தாளுக்கு இதற்கு விளக்கம் அச்சடித்திருந்தார்கள். நீ அதைப் படித்துவிட்டு உன் விளக்கத்தைச் சொன்னாய். "டைரக்ட்னா சார் கீறாரு. இன்டைரக்ட்னா சார் போன்ல கீறாரு. நன்னா ஏழுமலையான் பாத்துக்குவாரு."

நமக்கு அமைந்தது பெரும்பாலும் மூன்றாவதுதான். துறைத் தலைவரான பெரிய சார் செவ்வாய்க்கிழமைகளில் காலேஜ் பக்கம் வரமாட்டார். சித்தூரில் நர்சிங்ஹோம் நர்சிங்ஹோமாக மயக்கம் கொடுக்கப் போய்விடுவார். பேர்ப்பலகையில் இன்னும் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களை நாம் போட்டோவில்தான் பார்த்தோம். இன்ஸ்பெக்ஷன் வரும் என்றால் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார்கள், மத்தியானம் பிரியாணி சாப்பிடுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் ரயில் ஏறுவார்கள். மூன்று தியேட்டர், மூன்று பி.ஜி. மாணவர்கள், ஒரு டெக்னீஷியன். இதுதான் நம் செவ்வாய்க்கிழமை.

அப்படி ஒரு செவ்வாயில்தான் நாராயணவனத்துப் பெண் வந்தாள். முதல் பிரசவம், சிசேரியன். முதுகில் ஊசி போட்டேன். மருந்து மார்போடு நிற்க வேண்டியது, ஏறிக்கொண்டே போய்விட்டது. "மேடம், சேதுலு ராவட்லேது" என்றாள். கை வரவில்லையாம். அப்புறம் மூச்சு வாங்கியது. பி.பி. இறங்குகிறது, நாடி இறங்குகிறது. சர்ஜன் கத்துகிறார், நான் மருந்துக் குப்பியை உடைக்கப்போய் விரலைக் கிழித்துக்கொண்டேன். யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

நீ மூன்றாம் தியேட்டரில் இருந்தாய். ஹெர்னியா கேஸ், ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். டெக்னீஷியனிடம், "கண்ண எடுத்தே, கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தாய். அவளை இடதுபக்கம் சாய்த்தாய், மாஸ்க்கை முகத்தில் அழுத்தினாய், என் கையிலிருந்த சிரிஞ்சைப் பிடுங்கினாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம்தான் பேசிக்கொண்டே இருந்தாய். "பயப்படக்கு அம்மா, நேனு இக்கடே உன்னானு." பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன். பத்து நிமிஷத்தில் நாடி வந்தது. குழந்தை அழுதது. நீ கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு உன் ஹெர்னியாவைப் பார்க்கப் போய்விட்டாய். மத்தியானம் மெஸ்ஸில் என் விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டாய்.

கடைசி வருஷம் இன்ஸ்பெக்ஷன் தேதி வந்தது. புத்தகங்கள் பாதிக்குமேல் காலி. பெரிய சார் நம் எல்லோரையும் செமினார் ஹாலில் உட்காரவைத்து, "அந்தா டைரக்டே ராயண்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் டைரக்ட் என்றே எழுதுங்கள் என்று. இரண்டு நாள் தியேட்டர் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு காப்பியடித்தோம். நீ ஒரு வரிக்கு ஒரு மூச்சாக எழுதித் தள்ளினாய். நேரம் போடவேண்டிய கட்டத்தில் எல்லாம் 'காலை', 'மாலை' என்று நிறுத்திக்கொண்டாய். நான் ஒன்பது நாற்பதிலிருந்து பத்து முப்பத்தைந்துவரை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"நிமிஷத்தக்கூட வுடமாட்டியாடி?"

"நிமிஷம் போட்டாத்தான் நம்புவாங்க."

"சார் இருந்தாதானே நம்பறதுக்கு" என்று சொல்லிவிட்டு, உன் பேனாவை மூடி வைத்தாய். கொஞ்சநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் நீயும்தான் எழுதினாய். அந்த மௌனத்தை நான் பின்னால் பலதடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அப்போதே முடிவு செய்துவிட்டாய், நம்மையெல்லாம் மாட்டிவிடப் போகிறாய் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்ஷன் அன்று சென்னை ரயிலில் வந்த மூவரும் புது டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அசெஸ்ஸர் வடக்கத்திக்காரர், மெலிந்த மனிதர், பிரியாணி வேண்டாம் என்று சொல்லி மோர் மட்டும் கேட்டார். அதைக் கேட்டதுமே பெரிய சாருக்கு முகம் சுண்டிவிட்டது. அசெஸ்ஸர் நம்மைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார். முதலில் என்னை. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பேர், ஊர், தீசிஸ் தலைப்பு, புத்தகத்தை வைத்துவிட்டுப் போகலாம். அப்புறம் நீ போனாய். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே நான் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் பேச என்ன இருக்கிறது? வெளியே வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாய்.

ஆறு வாரத்தில் இன்ஸ்பெக்ஷன் முடிவுக் காகிதம் எல்லோருக்கும் வந்தது. துறையில் மேற்பார்வையின்றிச் சிகிச்சை நடந்தது உறுதியாகிறது, வரும் வருஷத்துக்கு மாணவர் சேர்க்கை நிறுத்தம். பெரிய சார் தலைமைப் பதவியை இழந்தார். உனக்குப் பயிற்சியை ஆறு மாதம் நீட்டித்தார்கள், எங்களோடு பரீட்சை எழுத முடியாது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீதான் சொல்லிவிட்டாய் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பேச ஆரம்பித்தது நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முக்கால் மணி நேரக் கணக்கை மெஸ்ஸில் நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். உனக்கு ஏன் ஆறு மாதம் போட்டார்கள் என்று ஜூனியர் ஒருத்தி கேட்டாள். "அந்த அசெஸ்ஸர் ஆளு இவளுக்கு ஏதோ வாக்குக் குடுத்துட்டு ஏமாத்திட்டான், வேணும் நல்லா" என்றேன். நீ பின்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய்.

அறைக்கு வந்ததும் நேராகவே கேட்டேன். "நீதானே சொன்னே?"

நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். "சொன்னனா இல்லியான்னு கேக்கறியே. நடந்துச்சா இல்லியான்னு ஒரு வாட்டினா கேட்டியாடி?"

"அது எனக்குத் தெரியும். சொன்னியா?"

"சொன்னேன்" என்றாய்.

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? என்ன சொன்னாய், யாரைப்பற்றிச் சொன்னாய், எதையாவது சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? நானும் கேட்கவில்லைதான். ஒரு சி.ஐ.டி.க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் அதற்குமேல் விசாரணை எதற்கு? அன்றே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோடி அறைக்குப் போனேன். அதற்கப்புறம் எட்டு வருஷம் நாம் பேசவில்லை.

அந்த எட்டு வருஷத்தில் நான் என்ன ஆனேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். வேறொரு காலேஜில் அசோசியேட் புரொபசர். என்னிடம் பி.ஜி. படிக்கிறவர்கள் லாக் புக்கோடு வந்தால் நடுங்குவார்கள். நான் தியேட்டரில் நிற்காத கேசுக்கு டைரக்ட் என்று எழுதிக்கொண்டு வந்தால் புத்தகம் திரும்பிப் பறக்கும். "மேடம் கையெழுத்து கிடைக்கறதும் திருமலையில் முன்வரிசை தரிசனம் கிடைக்கறதும் ஒண்ணு" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள், காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். நேர்மையான மேடம். எழுந்து நின்று மாட்டிவிடாமல், சத்தமில்லாமல் நேர்மையாக இருக்கிறவள். உன்னைப்போல இல்லை என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு மத்தியானம் உன் புத்தகத்தை மேசையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். என்ன தேடினேன் தெரியுமா? நீ எங்களை மாட்டிவிட்டதற்கு எழுத்தில் ஒரு சாட்சி. எங்காவது 'நன்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பாய், அந்த மனிதரிடம் நீட்டியிருப்பாய் என்று நினைத்தேன். முதல் வருஷம் முழுக்க டைரக்ட். இரண்டாம் வருஷம் டைரக்ட். உன் கோணல் எழுத்தில், எங்கள் எல்லோரையும்போல, அப்பட்டமான பொய். எனக்கு ஒரு விதத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றாம் வருஷத்தில்தான் சிவப்பு மை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. 'டைரக்ட்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'நன்' என்று எழுதி, ஓரத்தில் உன் கையெழுத்து. அடுத்த செவ்வாய், அதேபோல. பதினேழு செவ்வாய், பதினேழு கோடு, பதினேழு கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் கீழே அசெஸ்ஸரின் இனிஷியல். கடைசிப் பக்கத்தில் அவர் கையால் ஆங்கிலத்தில் நாலு வரி. அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்தப் பதிவேடும் உடன் பயிலும் மற்றொரு மாணவியின் பதிவேடும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஒரே நேரத்தில் ஒரே மேற்பார்வையாளர் இரண்டு தியேட்டர்களிலும் நேரடியாக நின்றதாக உள்ளது, எது உண்மை என்று கேட்டபோது, தன்னுடையதே பொய் என்று இம்மாணவி ஒப்புக்கொண்டு திருத்தினார்.

நம்பவில்லை. நீயே பின்னால் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பாய், என்னை அழவைக்க இதுவும் ஒரு வேலை என்று நினைத்தேன். மையைத் தடவிப் பார்த்தேன். காலேஜ் முத்திரை அந்த நாலு வரியின்மேல் விழுந்திருந்தது, அடியில் இல்லை; அவர் எழுதிய பிறகுதான் குத்தியிருக்கிறார்கள். அந்த வரிகளுக்குக் கீழே இருந்த கோப்பு எண்ணும் அன்று எனக்கு வந்த முடிவுக் காகிதத்தின் எண்ணும் ஒன்று. அப்புறம்தான் என் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

நாராயணவனத்துப் பெண் வந்த செவ்வாய். உன் புத்தகத்தில், ஹெர்னியா, மூன்றாம் தியேட்டர், காலை, டைரக்ட், பெரிய சார் பேர். என் புத்தகத்தில், சிசேரியன், முதல் தியேட்டர், ஒன்பது நாற்பது முதல் பத்து முப்பத்தைந்து, டைரக்ட், அதே பெரிய சார் பேர். நீ எழுதிய 'காலை'யை வைத்துக்கொண்டு எந்த அசெஸ்ஸரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. காலை என்றால் எந்தக் காலை, எட்டா, பதினொன்றா? நான் கொடுத்த நிமிஷத்தை வைத்து அந்த ஆள் தியேட்டர் ரிஜிஸ்டரைப் பிரித்திருக்கிறார். உன் ஹெர்னியா அதே ஒன்பது நாற்பதுக்கு மேசையில் கிடந்திருக்கிறது. பதினேழு செவ்வாயும் இப்படித்தான். அவருக்கு வழி காட்டியது யார்? நான். நிமிஷம் போட்டால்தான் நம்புவார்கள் என்று சொன்ன நான்.

முக்கால் மணி நேரம் உள்ளே என்ன நடந்தது என்று இப்போது தெரிகிறது. இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்து, இதில் ஒன்று பொய், எது என்று கேட்டிருக்கிறார். இரண்டும் பொய் என்று நீ சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. என்னுடையது பொய் என்று சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய். சார் உன் பக்கத்தில் இல்லை என்று ஆகிவிட்டால்தான் என் பக்கத்தில் இருந்தார் என்று ஆகும். அதற்காகப் பதினேழு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மேற்பார்வை இல்லாத கேஸ் கணக்கில் சேராது, கணக்குக் குறைந்தால் ஆறு மாதம். அதுவும் உனக்குத் தெரியும். நீ சொன்னாய்தான். உன்னைப்பற்றி மட்டும் சொல்லியிருக்கிறாய்.

யாரடி உன்னைக் கேட்டது? அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. என் பட்டம், என் வேலை, கதவில் தொங்குகிற பலகை எல்லாம் நீ உன்மேல் போட்டுக்கொண்ட கோட்டின்மேல் நிற்கிறது. இது தெரியாமல் எட்டு வருஷம் நான் நேர்மையான மேடமாக இருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். இல்லை, அதுவும் பொய். நீ சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இதிலும் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று உன்னைத் திருப்பி விசாரித்திருப்பேன். உனக்கு அது தெரியும். அதனால்தான் 'மின்னாடி குடுத்துடாத' என்று தம்பியிடம் சொல்லிவைத்தாய். நான் எதிர்க்கேள்வி கேட்க ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாய்.

திங்கள்கிழமை என் புத்தகத்தை எடுத்து, என்னுடைய பதினேழு செவ்வாயையும் ஒரே கோட்டில் அடித்தேன். மேலே 'நன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிவப்புப் பேனா கிடைக்கவில்லை, நீலத்தில்தான். இதை இனி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. அந்தத் துறைக்கே இப்போது வேறு பேர், வேறு ஆட்கள். கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் பயமாக இருக்கிறது, கொடுக்காமல் விட்டுவிடுவேனோ என்று என்மேலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இப்போதைக்குக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நேற்று சாயந்திரம் உன் தம்பிக்குப் போன் போட்டேன். ஷிப்ட் பஸ்ஸில் இருந்தான், பின்னால் தெலுங்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"உங்க அக்கா என்னப் பத்தி எப்பனா திட்டுச்சாப்பா?"

"திட்டவா? இல்லக்கா. வேலூர்ல ஆபரேஷனுக்கு மின்னாடி ஒரு வாட்டி அழுதிச்சி. எதுக்கும் அழுவாத ஆளு, உங்களுக்கே தெரியும். கேன்சருக்கு பயப்படல, மயக்கத்துக்குத்தான் பயம்னு சொல்லிச்சி. ஊருக்கே நீ குடுக்கறே, உனுக்கு இன்னா பயம்னு கேட்டேன். உங்க பேரச் சொல்லிச்சி. 'அவ தலைமாட்டுல நின்னா போதும்டா. அவ யாரையும் நம்பமாட்டா. மிஷின ரெண்டு வாட்டி பாப்பா, மருந்த மூணு வாட்டி படிப்பா. அவ நிக்கிறான்னா நான் பாட்டுக்கு தூங்கிடுவேன்'னு சொல்லிச்சி. என் எதுருலதான் உங்களுக்குப் போன் போட்டுச்சி. நீங்க எடுக்கல. டூட்டில இருந்தீங்க போல."

"ஆமாப்பா" என்றேன். "டூட்டி."

டூட்டியில் இல்லை. வீட்டில் இருந்தேன். சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உன் பேர் திரையில் வந்தது. இத்தனை வருஷம் கழித்து இவளுக்கு என்னால் என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று நினைத்தேன். மணி அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓய்ந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தேன். நீ இரண்டாவது தடவை போடவில்லை. முக்கியமான விஷயமாக இருந்தால் மறுபடி போட்டிருப்பாள் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மருந்து ஏறுகிற அந்தச் சில நொடியில் எல்லோரும் தலைமாட்டில் நிற்கிறவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தினமும் யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண் மூடுகிறார்கள். இன்று காலையில்கூட ஒரு கிழவர் பார்த்தார், நான் இங்கேதான் இருக்கிறேன் தாத்தா என்று சொன்னேன். அன்று உன் தலைமாட்டில் யார் நின்றார்கள், உன்னிடம் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா, நீ எந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மயக்கத்துக்குள் போனாய் என்று எனக்குத் தெரியாது. நான் நிற்கவில்லை. அது ஒன்றில்தான் எனக்குச் சந்தேகமே இல்லை.